வாயடிக்காத பையன்

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து வீரர்களைத் தொழில்முறை அணிகள் தேர்ந்தெடுப்பது டிவியில் ஓடிக்கொண்டிருந்தது. டேவியன் சோபாவில் அசையாமல் உட்கார்ந்திருந்தான்.

போன் அடித்தது. அம்மா லொரெய்ன் எடுத்து அவன் காதில் வைத்தாள்.

"உன்னை எடுத்துட்டோம் தம்பி!" என்றார் அணியின் பயிற்சியாளர்.

"நன்றி சார்."

சொந்தக்காரர்கள் கூத்தாடினார்கள்.

"என்ன நிதானம் பாரு! கடைசி மேட்ச்ல மண்டையில அந்த இடி வாங்கியும் எந்திரிச்சு ஆடினவனாச்சே!" என்றார் மாமா ரூபஸ்.

"அணிக்கு ஆள் பார்க்க வந்தவரும் அதைத்தான் சொன்னாரு. மத்த பசங்க மாதிரி இவன் வாயடிக்கலையாம்" என்றாள் லொரெய்ன்.

மற்ற எல்லோரும் சுட்ட இறைச்சி சாப்பிடத் தோட்டத்துக்குப் போனார்கள்.

டேவியன் லொரெய்னைப் பார்த்தான். "அம்மா, போன் இன்னும் வரலையே?"

லொரெய்ன் கதவைச் சாத்தினாள்.

"வந்துடுச்சுடா. உன்னை எடுத்துட்டாங்க. யார் என்ன கேட்டாலும் 'நன்றி சார்'னு மட்டும் சொல்லு. இவ்வளவு நாள் சொன்ன மாதிரியே."