கருங்கல்லில் அண்டார்டிகா

அண்டார்டிகாவில் மனிதர் அதிகம் மிதிக்காத அந்தச் சிகரத்தின் மேல் ஒரு காலைத் தூக்கி வைத்து, ராஜாராம் சாவகாசமாகப் பீடி இழுத்துக்கொண்டிருந்தார்.

"காலை எடுய்யா! சார் வர்ற நேரம்," என்று கத்தினாள் ரேணுகா. அந்த மாமல்லபுரம் கல் பட்டறையில் ராஜாராம் சிற்பி. முதலாளி, அவர் மனைவி இவள்.

இரண்டடி உயரக் கருங்கல் சிகரம் அது. கல்பாக்கம் என்ஜினீயர் ஹரிகிருஷ்ணன் கொடுத்த ஆர்டர். இருபது வருடங்களுக்கு முன் ஒரு வருடம் லீவு போட்டு, ஏதோ வெளிநாட்டுக் குழுவோடு அண்டார்டிகா போய் அந்த நிஜச் சிகரத்தில் ஏறியவர். இன்று சாயங்காலம் அவருக்கு ரிடையர்மென்ட் விழா. மேடையில் வைக்க வேண்டுமாம்.

போட்டோ கேட்டதற்கு, "குளிர்ல கேமரா உறைஞ்சுபோச்சுப்பா" என்று ஒரு வரைபடம் மட்டும் கொடுத்திருந்தார். மூன்று முகடு, மேற்கே பனியாறு, காற்று அடித்து அடித்துப் பனியே தங்காத உச்சி எல்லாம் அதில் இருந்தன.

"அந்த மேப்பு எங்கய்யா? சார் திருப்பிக் கேப்பாரு."

"பஜ்ஜி எண்ணெய் ஒத்தி அன்னிக்கே கடாசிட்டேன்."

"அப்ப இது இன்னாது?"

"உங்கம்மா வூட்டுக்குப் போறப்ப பஸ்ஸுல பாப்போமே, அச்சரப்பாக்கம் மலை. மலைன்னா மலைதானே?"

ரேணுகா தலையில் அடித்துக்கொண்டாள். "ஏறினவருக்குத் தெரியாதாய்யா? அய்யனார் செதுக்குற பழக்கத்துல ரிசார்ட்டு புத்தருக்கு மீசை வச்சு ரிட்டர்ன் வந்துச்சு. இதுவும் திரும்பிச்சு, நாளையிலேர்ந்து உளி என் தம்பி கையில. நீ கல்லுக்குத் தண்ணி ஊத்திக்கினு கெட!"

கார் வந்து நின்றது. ஹரிகிருஷ்ணனோடு, அவர் ஆபீஸில் வேலை பார்க்கும் ஜெஸ்ஸியும் இறங்கினாள்.

கல்லைப் பார்த்ததும் ஹரிகிருஷ்ணன் முகம் வெளிறியது. ராஜாராம் பீடியைக் கீழே போட்டு மிதித்தார்.

"இதுதான் நீங்க ஏறின பீக்கா சார்?" என்றாள் ஜெஸ்ஸி.

ஹரிகிருஷ்ணன் மெல்லத் தடவிப் பார்த்தார். "அச்சு அசலா அதேதான். இதோ, இந்த வளைவுலதான் வழுக்கி விழுந்தேன்." குரல் நடுங்கியது. ஜெஸ்ஸி கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கல்யாணமான நாளிலிருந்து முதல் தடவையாக ரேணுகா புருஷனை மரியாதையோடு பார்த்தாள்.

சிகரம் காரில் ஏறியது. ஹரிகிருஷ்ணன் மட்டும் திரும்பி வந்து, ராஜாராமைக் கல் குவியலுக்குப் பின்னால் இழுத்துப்போய், காதோரம் கேட்டார்:

"அந்த ஒரு வருஷம் நான் அச்சரப்பாக்கத்துல இருந்தது உனக்கு யாருய்யா சொன்னா?"