பத்தாவது பாட்டு

எதிர்வீட்டு ராக் பாடகர் முதல் ஆல்பத்துக்காகத் தபால் நிலைய வேலையையே உதறியவர். ஒரு வருஷத்தில் பேர் வராவிட்டால் பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போய்விடுவதாக மனைவி கெடு வைத்திருந்தாள். சலவைக்கடை மாடியில் குழுவோடு ஒன்பது பாட்டுப் பதிந்தார். தெருவே ஜன்னலைச் சாத்திக்கொண்டது.

ஆல்பம் வந்தது. ஒன்பதையும் யாரும் சீண்டவில்லை. எல்லாரும் உருகியது பத்தாவது பாட்டுக்கு.

"பத்தாவதுன்னு ஒண்ணு கிடையவே கிடையாதுடா," என்றார் டிரம்ஸ்காரனிடம்.

"சும்மா இருங்கண்ணே. நீங்கதானே அழுதுகிட்டே பாடினீங்க."

அவர் எத்தனை முறை ஓட்டினாலும் ஒன்பதோடு ஸ்பீக்கர் ஊமையாகிவிடும். கெடு முடிய ஒரு வாரம்தான்; அதற்குள் நடக்கவிருந்த மேடைக் கச்சேரிக்கு டிக்கெட் தீர்ந்ததே அந்தப் பாட்டால். மனைவியிடம் கெஞ்சினார்: "ஒரே ஒரு தடவை பாடிக் காட்டேன்மா, கத்துக்கிறேன்."

துணி தேய்த்தபடியே பாடினாள். உதடு அசைந்தது, அவர் காதில் இஸ்திரிப்பெட்டியின் சீறல் மட்டும் விழுந்தது.

"இப்பத்தான் உங்களை நினைச்சா பெருமையா இருக்குங்க," என்று கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கச்சேரியில் ஒன்பதும் முடிந்தது. கூட்டம் எழுந்து நின்றது. அதோடு அவர் காதில் சத்தமே இல்லை. ஆயிரம் வாய்கள் ஒன்றாகத் திறந்து மூடின. டிரம்ஸ் குச்சிகள் ஏறி இறங்கின. அவர் குனிந்து பார்த்தார். அவருடைய விரல்களும் கிட்டார் தந்திகளில் ஓடிக்கொண்டிருந்தன.