சாக்கு கட்டிய சிக்னல்

நாற்சந்தியில் நட்ட புது சிக்னலின் தலையைச் சாக்கால் மூடிக் கட்டியிருந்தார்கள். அதன் அடியில் செம்பி என்ற நாய் இரண்டு குட்டிகளோடு குடியிருந்தது. எதிர்ப்பக்கக் கறிக்கடைக்குப் போகும்போது ஒரு குட்டியை லாரி அடித்துவிட்டது.

“மூன்று கண்ணை வைத்துக்கொண்டு சும்மாதானே நின்றாய்?” என்று செம்பி உறுமியது.

“மந்திரி வந்து திறக்கணுமாம், அக்கா. நல்ல நாள் பார்க்கிறார்கள்,” என்றது சாக்குக்குள்ளிருந்து சிக்னல்.

“லாரி நாள் பார்க்கவில்லையே.”

ஒருவழியாக மந்திரி வந்தார். சாக்கை அவிழ்த்துக் கீழே எறிந்துவிட்டு மாலை போட்டார்கள். அவர் பொத்தானை அமுக்கியதும் சிவப்பு எரிந்தது, வண்டிகள் நின்றன. செம்பி மிச்சமிருந்த குட்டியோடு சாலையின் வெள்ளைக் கோடுகளில் இறங்கியது. பாதி தூரம் போவதற்குள் மந்திரிக்கு அடுத்த விழாவுக்கு நேரமாகிவிட்டது. போலீஸ்காரர் சிவப்பை அணைத்து, மஞ்சளைச் சிமிட்ட விட்டார். மந்திரியின் கார்கள் சீறிக் கிளம்பின.

“திரும்பி ஓடு, அக்கா,” என்று சிக்னல் அலறியது.

செம்பி குட்டியைக் கவ்விக்கொண்டு பாய்ந்து ஓரம் சேர்ந்தது. மூச்சு அடங்கியதும், கீழே கிடந்த சாக்கைப் பல்லால் இழுத்தது.

“அது எதற்கு, அக்கா?”

“குட்டிக்கு விரிக்க. உன் திறப்பு விழாவில் எங்களுக்குக் கிடைத்தது இது ஒன்றுதான்.”