கழுத்தும் கருத்தும்

மனிதனின் அழகு கழுத்தில் இல்லை, கருத்தில் இருக்கிறது.

இருபத்திரண்டு ஆண்டுகளாகப் பேராசிரியர் ஏறாத மேடை இல்லை. ஏறிய மேடையில் இதைச் சொல்லாமல் இறங்கியதும் இல்லை. "ஒவ்வொரு சுருக்கமும் வாழ்க்கை நமக்குக் குத்திவிட்ட பதக்கம்" என்பது அடுத்த வரி. அதற்கடுத்த வரிகள் முடிவதற்குள் மின்விசிறிக்கே கொட்டாவி வந்துவிடும்.

அப்பேர்ப்பட்டவர் இப்போது சலூன் நாற்காலியில் முகவாயைத் தூக்கிக்கொண்டு, கண்ணாடியில் தன் கழுத்தை ஓரக்கண்ணால் ரசித்துக்கொண்டிருந்தார்.

கருத்து பழையதுதான். கழுத்துதான் புதிது.

ஒரு மாதத்துக்கு முன், தெரிந்தவர் யாரும் எட்டிப் பார்க்காத தொலைவில் இருந்த ஒரு மருத்துவமனையில், தாடைக்குக் கீழே தொங்கிய பதக்கங்களையெல்லாம் ஒரு டாக்டர் கழற்றி எடுத்திருந்தார். தளர்ந்த தோலை மேலே இழுத்து, மிஞ்சியதை வெட்டி, இரண்டு காதுகளுக்கும் பின்னால் கொண்டுபோய்த் தைத்திருந்தார். முகவாய்க்கு அடியில் ஒரு சின்ன வெட்டு.

அந்தச் சின்ன வெட்டுதான் ஆறுகிற சாக்கில் தடித்துச் சிவந்து, மண்புழு மாதிரி படுத்துக்கொண்டது.

களிம்பு தடவிவிடச் சொன்னபோது மனைவி கையை விரித்துவிட்டாள். "உங்க பதக்கத்தை நீங்களே பாலிஷ் போட்டுக்கோங்க."

போட்டுக்கொண்டார். தினம் இரண்டு வேளை, முகவாய்க்கு அடியில் மட்டும். காதுக்குப் பின்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? அங்கே ஒரு கம்பளிக் குல்லாயை இழுத்துவிட்டுக்கொண்டதோடு சரி.

கேட்டவர்களிடம் கழுத்தில் கட்டி என்றார். எவ்வளவு பெரிசு என்று யாரோ கேட்கப்போய், எலுமிச்சம்பழம் அளவு என்றார். கேட்பவர்களின் கண் கலங்கக் கலங்க, வெட்டி எடுத்த பிறகும் கட்டி வளர்ந்துகொண்டே இருந்தது. போன வாரம் அது ஆரஞ்சுப் பழம்.

இன்று மாலை கல்லூரி அரங்கில் அவருடைய புத்தகம் வெளியாகிறது. 'சுருக்கங்களைப் போற்றுவோம்.' எழுநூற்றுப் பன்னிரண்டு பக்கம். கட்டி பொய் என்பது வெட்டவெளிச்சமானால் அந்த எழுநூற்றுப் பன்னிரண்டும் நகைச்சுவைப் புத்தகமாகிவிடும். இருபத்திரண்டு ஆண்டு மேடைப்பேச்சு சிரிப்பாய்ச் சிரித்துவிடும்.

மேடைக்கு ஒரு மாதத் தாடியோடு போக முடியாது. கழுத்தில் பாதி இன்னும் மரத்துக் கிடந்தது. தானே சவரம் செய்தால் எங்கே வெட்டினோம் என்பது ரத்தத்தைப் பார்த்த பிறகுதான் தெரியும். அதனால்தான் சலூன்.

பெஞ்சில் கணக்கு வாத்தியார் உட்கார்ந்திருப்பார் என்று யார் கண்டது? கல்லூரியில் பேராசிரியருக்குக் 'கழுத்தறுப்பு' என்று பெயர் வைத்த புண்ணியவான் அவர்தான்.

"இத்தனை வருஷமா எங்க கழுத்தை அறுத்தீங்க. கடைசியில உங்க கழுத்தையே எவனோ அறுத்துட்டானாமே?" என்றார் அவர், பத்திரிகையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

பேராசிரியர் பேச்சை விட்டுவிட்டுச் செயலில் இறங்கினார். அவர் வாழ்க்கையில் இது அபூர்வம். முகவாயை இன்னும் ஓர் அங்குலம் உயர்த்திக் காட்டினார்.

கணக்கு வாத்தியார் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அப்போதுதான் மழித்த முகவாய்க்கு அடியில், சோப்பு நுரைக்கு நடுவே மண்புழு சிவப்பாகக் கிடந்தது. அவர் முகத்தில் இருந்த கிண்டல் அப்படியே வடிந்துவிட்டது.

"மன்னிச்சுக்கோங்க சார். விளையாட்டாப் பேசிட்டேன்."

ஒரு மாதமாகத் திட்டித் தீர்த்த தழும்பின் மேல் பேராசிரியருக்கு முதல்முறையாகப் பாசம் பொங்கியது. கோடி கொடுத்தாலும் கிடைக்காத மரியாதையை அல்லவா வாங்கிக் கொடுத்திருக்கிறது!

"சாவு வாசல் வரைக்கும் போய் எட்டிப் பார்த்துட்டு வந்தவன் நான்" என்று ஆரம்பித்தார். கத்தி கன்னத்தில் ஓட ஓட அவரும் ஓடினார். பிறப்பு, இறப்பு, இரண்டுக்கும் நடுவில் சுருக்கம். கணக்கு வாத்தியார் கையைக் கட்டிக்கொண்டு, ஒரு கொட்டாவிகூட விடாமல் கேட்டுக்கொண்டிருந்தார்.

இயற்கை கொடுத்ததை இருக்கும் இடத்திலேயே ஏற்றுக்கொள்ள வேண்டும் என்ற கட்டத்துக்கு வந்தபோது, கிருதாவைச் சரிசெய்வதற்காகச் சலூன்காரர் குல்லாயைக் கழற்றினார்.

இடது காதைப் பார்த்தார். நாற்காலியைச் சுற்றிப்போய் வலது காதைப் பார்த்தார். திரும்பவும் இடது காதுக்கே வந்தார். முப்பது வருஷத் தொழிலில் அவர் கத்தி இப்படி அந்தரத்தில் நின்றதில்லை.

நல்ல மனிதர். ஆனால் மெதுவாகப் பேசத் தெரியாதவர்.

"சார், தாடி காதுக்குப் பின்னாடி போயிருக்கு. எடுத்துடவா, இருக்கட்டுமா?"

கணக்கு வாத்தியார் மறுபடியும் குனிந்தார். காதிலிருந்து முகவாய் வரைக்கும், முகவாயிலிருந்து காது வரைக்கும் கண்ணாலேயே அளந்தார். விடை வருவதற்கு அவருக்கு அதிக நேரம் ஆகவில்லை.

முகத்துத் தோலை இழுத்துப் பின்னால் தைத்தால், அதில் முளைக்கிற தாடியும் கூடவே போய்விடும். டாக்டர் இதை முன்கூட்டியே சொல்லத்தான் செய்தார். அந்த நேரத்தில் பேராசிரியர் பேசிக்கொண்டிருந்தார்.

அவருடைய இரண்டு காதுகளுக்கும் பின்னால், விரல்நகம் நீளத்துக்கு, நரைத்த தாடி வளர்ந்திருந்தது.