பம்ப் மேல் தப்பில்லை

தாராவியில் என் ஒர்க்‌ஷாப் இருக்கும் சந்தில், எக்ஸ்கவேட்டர் கையைத் தூக்க முடியாமல் நின்றது.

"பம்ப் போச்சு. புதுசு வரப் பத்து நாளாகும்," என்றான் செம்பூர் எஞ்சினியர் வெங்கடேஷ்.

இவனெல்லாம் எஞ்சினியர்! இரண்டு மணி நேரமாக லேப்டாப்பைத் தடவியவன், ஆயில் டேங்க் மூடியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஆயில்ல நுரை இருக்கான்னு பாரும்," என்றேன்.

"தகரம் தட்டுறவனுக்கு ஹைட்ராலிக்ஸ் என்ன தெரியும்?" என்று சிரித்தான்.

எனக்குச் சுர்ரென்று ஏறியது. ஸ்பேனரோடு உள்ளே புகுந்தேன்.

"பம்ப் காத்த இழுக்குதுலே, மடப்பயலே! சக்‌ஷன் ஹோஸ் கிளாம்ப் லூசு!"

முடுக்கினேன். கை ஜம்மென்று உயர்ந்தது. அவன் முகம் செத்துப்போனது.

காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரும்பினேன். என் மனைவி சபுரா தலையில் அடித்துக்கொண்டாள்.

"நாளைக்கு ஸ்டே ஆர்டர் வாரவரைக்கும் நம்ம ஒர்க்‌ஷாப்ப இடிக்கக் கூடாதுன்னு, காலைல நீங்கதான அதை லூசாக்கி விட்டிய?"