பின்வாங்கும் அத்தியாயம்

மில்லிக்கன் பிளாசாவின் மேல்மாடியில் வீடு விற்கும் முகவர்களின் காலைக் கூட்டம் நடக்கிறது. யன்னலால் வெயில் வருகிறது, சூடு வரவில்லை. முதலாளி சஞ்சீவனின் கையில் பழைய சீனப் போர்நூல் ஒன்று. வீடு விற்பதும் யுத்தம்தானாம். நிரூபா மேசைக்கடியில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு, வீங்கிய பாதங்களைக் கம்பளத்தில் ஆறவிட்டிருக்கிறாள். நேற்று முழுக்க அஜக்ஸ் நகரில், விற்பனைக்குத் திறந்து வைத்தும் ஒருவரும் பார்க்க வராத வீட்டு வாசலில் நின்ற கால்கள். “பின்வாங்கிறதும் ஒரு தந்திரம்தான்,” சஞ்சீவன் பக்கத்தைப் புரட்டுகிறான். “நிரூபாக்கா, நீங்கள் சொல்லுங்கோ. பின்வாங்கேக்கை முதல் என்ன செய்யவேணும்?” ஊரில் கடைசி யுத்தத்தின்போது நந்திக்கடல் தண்ணீருக்குள்ளால் வெறுங்காலோடு வெளியேறியதை அவள் இந்த அறையில் யாருக்கும் சொன்னதில்லை. “எனக்குத் தெரியாது, தம்பி,” என்கிறாள். மேசைக்கடியில் கால்கள் அதற்குள் சப்பாத்தைத் தேடத் தொடங்கிவிட்டன.