ஊமைக்கல்

டப்பாவில் மூன்று கற்கள் இருந்தன.

மூன்றும் வெள்ளை. மூன்றிலும் ஜானகியின் நாக்குப் பட்டிருந்தது.

"மசக்கைங்க, மாப்பிள்ளை," என்றார் என் மாமியார் சுப்பம்மாள். "பாவாயிக்கு அக்கா தின்ன கல்லுதான் வேணுமாம். வேற கல்லு குடுத்தா துப்பிப் போடறா. ஆட்டையாம்பட்டியில இருந்து இதுக்குன்னே வந்தேனுங்க."

பாவாயி என் மனைவி ஜானகியின் தங்கை. மூன்று மாதம். ஐப்பசியில் ஜானகி இறந்தபோது அவளுக்கும் மூன்று மாதம்தான்.

டப்பாவை அப்படியே கொடுத்திருக்கலாம். ஆனால் சூரமங்கலத்துக்கு அருகே கல் கம்பெனியில் எனக்கு வேலையே கல்லைச் சோதித்துச் சொல்வது. கை தானாக மேசையிலிருந்த திராவகக் குப்பியை எடுத்தது.

கரட்டுக் குன்றில் கிடைக்கும் இந்த வெள்ளைக்கல் மழையால் ஆனது. நீர் கரும்பாறையின் வெடிப்புகளில் இறங்கும். பல காலம் பாறையைத் தின்னும். தின்றதை வெள்ளையாக வெடிப்பிலேயே விட்டுப் போகும்.

ஜானகியிடம் இதைச் சொன்னபோது, "அப்பத் தண்ணிக்கும் மசக்கைங்களா?" என்று கேட்டாள்.

தின்றால் கெடுதல் இல்லை, வயிறு கொஞ்சம் இளகும் என்று நான்தான் சொன்னேன். நான்தான் கொண்டுவந்து கொடுத்தேன்.

கூலியாட்கள் இதை ஊமைக்கல் என்பார்கள். சுண்ணாம்புக்கல்லில் திராவகம் பட்டால் சீறும். இது சீறாது. அப்படித்தான் இரண்டையும் பிரித்து அறிவோம்.

முதல் கல்லில் ஒரு சொட்டு விட்டேன். சத்தம் இல்லை.

இரண்டாவதிலும் இல்லை.

மூன்றாவதைத் தூக்கியபோது மணிக்கட்டு இறங்கியது. அதன் அளவுக்கு அது அவ்வளவு கனக்கக் கூடாது. நக்கி நக்கி ஒரு பக்கம் கரண்டிபோலக் குழிந்திருந்தது.

அந்தக் குழியில் ஒரு சொட்டு விட்டேன்.

கல் பேசியது.

"அட, சத்தம் போடுதுங்களே," என்று குனிந்தார் அத்தை. "நல்ல கல்லுங்களா?"

ஜன்னலைச் சாத்தினேன். ஸ்பிரிட் விளக்கைக் கொளுத்தி, கம்பி நுனியை அந்த ஈரத்தில் தொட்டுச் சுடரில் காட்டினேன். சுண்ணாம்பாக இருந்தால் சுடர் செங்கல் நிறம் கொள்ளும்.

சுண்ணாம்பாக இருக்கட்டும் என்று நினைத்தேன்.

சுடர் பச்சையானது. வாழைக்குருத்தின் வெளிர்பச்சை. அத்தையின் மூக்குத்தியில் அது ஒரு புள்ளியாகத் தெரிந்து மறைந்தது.

இந்தப் பச்சையைத் தரும் வெள்ளைக்கல் எங்கள் கரட்டில் இல்லை. சென்னையில் படிப்பு முடிந்து வரும்போது நான் கொண்டுவந்த மாதிரிக்கல் பெட்டியில் ஒன்று இருந்தது. சீமையிலிருந்து வந்த கல். அங்கே அதைப் பொடித்து எலிக்கு வைப்பார்கள்.

டாக்டர் வாந்திபேதி என்றுதான் எழுதினார். அந்த மாதம் எங்கள் தெருவில் வேறு யாருக்கும் வாந்திபேதி வரவில்லை. கடைசியில் ஜானகியால் ஒரு விரலைக்கூட மடக்க முடியவில்லை.

விளக்கை அணைத்தேன். டப்பாவை மூடி என் பக்கம் இழுத்துக்கொண்டேன்.

"இது வேண்டாம், அத்தை. ஒன்றுகூட வேண்டாம்."

"ஏனுங்க? அக்காளுக்கு மட்டும் தேடித்தேடிக் குடுத்தீங்க. தங்கச்சின்னா கை வரலீங்களா?"

சிரித்துக்கொண்டுதான் கேட்டார்.

கல் இன்னும் என் கையில் இருந்தது. திருப்பினேன். அடியில், நாக்கு எட்டாத ஒரு வெடிப்பில், சிவப்பாக ஏதோ இருந்தது. நகத்தால் சுரண்டினேன்.

குங்குமம்.

என் பெட்டி வருஷத்தில் ஒரு நாள்தான் ஜானகி கைக்குப் போகும். ஆயுத பூசைக்கு. இதுவும் தொழில் சாமான்தானே என்று இந்த வருஷம் கற்களை எல்லாம் எடுத்துக் கழுவினாள். நான் ஒட்டியிருந்த பெயர்ச்சீட்டுகள் தண்ணீரோடு போயின. தன்னுடைய இரண்டு கற்களையும் அவற்றோடு வரிசையில் வைத்தாள். எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம். தனக்குச் சோறு போடும் கல், தான் தின்னும் கல், எல்லாம் ஒன்றுதான் அவளுக்கு.

மறுநாள் காலை வரிசையின் முன்னால் உட்கார்ந்து, "எது பெட்டிக்கு, எது எனக்குன்னு பாத்துச் சொல்லுங்க," என்றாள்.

பெட்டியில் மற்றவை எல்லாம் நிறக்கற்கள். வெள்ளை ஒன்றே ஒன்றுதான். குப்பி கைக்கெட்டும் தூரத்தில் இருந்தது. ஒரு சொட்டு போதும்.

நான் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நிமிராமலே சொன்னேன்: "வெள்ளையெல்லாம் உனக்கு."